பச்சையாக இருந்த ஆற்றங்கரை

என் வகுப்பு முதன்முதலாக நார்வேக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில். ஐம்பத்திரண்டு பேர் போனோம். எட்டெட்டுப் பேராகத்தான் போக முடிந்தது. பள்ளியில் வண்ணப் படம் தெரிகிற கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் திரை பதினான்கு அங்குலம். மற்றவர்கள் பெஞ்சில் அட்லஸை விரித்துக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். பிளாப்பி கறகறவென்று சத்தம் போட, செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கிற படம் மெதுவாகத் திரையில் இறங்கியது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி கேட்டாள்: "மிஸ், அந்தத் தண்ணி உப்பா இருக்குமா, நல்ல தண்ணியா?"

அதற்கு முன் பதினேழு வருஷம் அதே பாடத்தைக் கரும்பலகையில் வரைந்து நடத்தியிருக்கிறேன். ஒருத்தியும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அன்றே எனக்கு முடிவாகிவிட்டது, இனி இப்படித்தான் பாடம் என்று.

சென்ற மாதம் ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். ஓர் இளம் ஆசிரியை கைப்பேசியில் பூமியை உருட்டி, இரண்டு விரலால் விரித்து, தன் வீட்டு மொட்டைமாடியில் காயும் துணியைக் காட்டினார். "தொண்ணூறுகள்ல இதெல்லாம் இல்லாம எப்படி மிஸ் பண்ணீங்க?" என்று கேட்டார். எப்படிச் செய்தேன் என்பதை அங்கேயே சொல்லிவிட்டேன். அதில் நான் செய்த தவறு ஒன்று இருந்தது. அதைச் சொல்ல அன்று நேரம் போதவில்லை. சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நான் பூகோள ஆசிரியை. பி.எட். முடித்து, இரண்டு பள்ளிகளில் தற்காலிக வேலை பார்த்து, மயிலாப்பூரில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் நிரந்தரமாகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. உலக வரைபடத்தைப் பார்க்காமல் வரையக் கற்றுக்கொண்டேன். அது கடைசி வரை உதவியது.

தொண்ணூறுகளின் கடைசியில் தியாகராய நகரில் பிரவுசிங் சென்டர்கள் வரத் தொடங்கின. பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேல் மாடியில், பாஸ்கரன் என்பவர் ஆறு கம்ப்யூட்டர்களோடு ஒன்று நடத்தினார். அதுவரை அதே இடத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர். சுவரில் விரல் வைக்க வேண்டிய இடங்களைக் காட்டும் படம் அப்படியே தொங்கியது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் இருக்காது. நான் அப்போது போவேன்.

இலவசமாகக் கிடைத்தவை ஏராளம். ஏதோ ஒரு நாட்டுப் பல்கலைக்கழகம் எரிமலை வாயில் ஒரு கேமராவை வைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை படம் மாற்றிக்கொண்டிருந்தது. ஒரு மாலுமி தன் கப்பல் போன வழியெல்லாம் படம் எடுத்து, வரைபடத்தில் ஊரைத் தொட்டால் அந்த ஊர்ப் படம் வருகிற மாதிரி செய்து வைத்திருந்தார். என் நார்வே அவர் தந்ததுதான். ஆனால் பள்ளியில் இணைப்பு கிடையாது. மொத்தத்தையும் பிளாப்பியில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பக்கத்தைச் சேமித்தால் எழுத்து மட்டும் வரும், படம் வராது. ஒவ்வொரு படத்தையும் தனியாகச் சேமித்து, எட்டெழுத்துக்குள் பெயர் வைத்து, பிறகு பக்கத்தின் பின்னால் இருக்கும் நிரலைத் திறந்து, படம் இருக்கும் இடத்தை மாற்றி எழுத வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் படத்துக்குப் பதில் சிவப்புப் பெருக்கல் குறி நிற்கும். எல்லாவற்றையும் இரண்டு பிளாப்பியில் எடுப்பேன். சென்னைக் காற்றில் பிளாப்பிக்குப் பூஞ்சை பிடிப்பது ஊறுகாய்க்குப் பிடிப்பதை விட வேகம்.

இதற்கெல்லாம் தலைமை ஆசிரியையின் அனுமதி வேண்டும். ராஜலட்சுமி அம்மாள் கோயிலைச் சுற்றிய மாட வீதிக்காரர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மூடி கழற்றாத பேனா. யார் என்ன சொன்னாலும் அந்தப் பேனாவை மேஜையில் குறுக்கே வைத்துவிட்டு, முழுசாகக் கேட்பார். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். சொல்கிறவர்களுக்கே தங்கள் யோசனையில் ஓட்டை எங்கே என்று தெரிந்துபோய், பாதியில் எழுந்து போனதும் உண்டு. நான் முழுவதும் சொல்லி முடித்தேன்.

"சரி. இது தப்பாப் போனா என்ன பண்ணுவேள்?"

"கம்ப்யூட்டர் ஓடலைன்னா அட்லஸ் இருக்கு மேடம். அன்னிக்குப் பாடம் நிக்காது."

"அது மெஷின் தப்பாப் போறது. நீங்க தப்பாப் போனா?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. நான் எப்படித் தப்பாகப் போவேன் என்று நினைத்தேன். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. எல்லா ஊரையும் நாம் பார்க்கிறோமே, நம்மை யாராவது பார்க்கிறார்களா? பாஸ்கரனின் சென்டரில் தேடிப் பார்த்தேன். இணைய வரைபடத்தில் எங்கள் நகரம் ஒரு புள்ளி. பெரிதாக்கினால் நாலைந்து கோடுகள். மயிலாப்பூர் இல்லவே இல்லை. அப்படியானால் நாமே செய்வோம் என்று வகுப்பில் சொன்னேன். இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுக்கும் தளங்கள் அப்போது பல இருந்தன. தலையில் ஒரு விளம்பரப் பட்டை ஓடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து அடையாறு வரை ஒரு வரைபடம். எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே எடுத்த புகைப்படம் திறக்கும். ஐந்து குழுக்கள். கம்ப்யூட்டருக்கு இடம் தெரியாது, புள்ளிக் கணக்குதான் தெரியும்: இடது மேல் மூலையிலிருந்து இத்தனை புள்ளி வலப்புறம், இத்தனை புள்ளி கீழே. அதனால் வரைபடத்தைக் கிராஃப் தாளில் வரைந்தோம். ஒரு சிறு சதுரத்துக்கு நான்கு புள்ளி என்று அளவு பார்த்து ஸ்கேன் செய்தோம். குளம், தேர்முட்டி, மந்தைவெளி மார்க்கெட், எல்லாவற்றையும் பிள்ளைகள் சதுரம் எண்ணிப் பெருக்கினார்கள். தமிழ் எழுத்து மற்றவர் கம்ப்யூட்டரில் தெரியாது என்பதால் இடப் பெயர்களைப் பிள்ளைகளே கையால் எழுதினார்கள்.

அடிப்படை வரைபடத்தை ஒரு சுற்றுலாக் கையேட்டிலிருந்து எடுத்திருந்தேன். கடைசிக் குழுவில் இருந்த அமுதா அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். பேச்சுக் குறைவான பெண். கோடு மட்டும் அச்சடித்தது போல வரைவாள்.

"மிஸ், ஆத்தங்கரை ஓரம் பச்சையா போட்டிருக்கு. பார்க்குன்னு நெனச்சிக்குவாங்க. எங்க வீடு அங்கதான் கீது."

அது அடையாற்றுக் கரையில் இருந்த குடிசைப் பகுதி. அதன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவளுடைய அப்பா இறந்துவிட்டார். அம்மா ஒரு மருத்துவமனையில் ஆயா.

"அப்ப பச்சையை அழிச்சிட்டு நீயே வரைம்மா" என்றேன்.

மூன்று வாரத்தில் வரைந்து வந்தாள். ஒவ்வொரு வீடும் அதில் இருந்தது. காலடியால் அளந்திருந்தாள். தெருவின் அடிபம்பு, பால்வாடி, கோயில், மேட்டிலிருந்து தண்ணீர் வரை இறங்கும் ஏழு வரிசை வீடுகள். ஒவ்வொரு வீட்டின் மீதும் பெயர்: மேரி அக்கா, ஆட்டோ சேகர், பூக்காரம்மா, கஸ்தூரி. கஸ்தூரி அவளுடைய அம்மா. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு பெண் தன் வீட்டை உலகப் படத்தில் தானே வைக்கிறாள், இதைவிட வேறென்ன பூகோளம் என்று பெருமைப்பட்டேன். செப்டம்பர் கடைசியில் அனைத்தையும் இணையத்தில் ஏற்றினேன். பள்ளிச் செயலர் பாராட்டினார். நான் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து, காலைப் பிரார்த்தனை முடிந்ததும், தலைமை ஆசிரியை அறைக்கு என்னை அழைத்தார்கள். அங்கே கஸ்தூரி நின்றுகொண்டிருந்தார். இரவு டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். ஆயாக்கள் உடுத்தும் நீலப் புடவை. கையில் அமுதா வீட்டுக்கு எடுத்துப்போன பிரின்ட் அவுட், நான்காக மடித்தது.

"இத்த யாரு போடச் சொன்னது?"

நான் விளக்க ஆரம்பித்தேன். உலகமே பார்க்கும், உங்கள் பெண்ணின் திறமை, இத்தியாதி. அவர் முடிக்க விடவில்லை.

"ஒலகம் பாக்கறது இருக்கட்டும் டீச்சர். மூணு வருசம் முன்னாடி எங்களுக்கு அந்தாண்ட கரையில டேப்பு எடுத்துக்கினு ரெண்டு பேரு வந்தாங்க. எந்த வூடு யாருதுன்னு கேட்டு எய்திக்கினாங்க. நல்லது நடக்கப் போவுதுன்னு டீ வாங்கிக் குடுத்தாங்க எங்க ஜனங்க. ஆறு மாசத்துல வண்டி வந்துச்சி. என் தங்கச்சி வூடு மொத நாளே போச்சி. இப்ப நீங்க பேரு போட்டு, வூடு போட்டு, எங்கேந்து வேணா பாருன்னு வச்சிக்கீறீங்க. நாளைக்கி எவனாவது இத்த எடுத்துக்கினு வந்தா நான் என் ஜனங்களுக்கு இன்னா சொல்றது? என் பொண்ணு வரைஞ்சான்னா?"

ராஜலட்சுமி அம்மாள் பேனாவைக் குறுக்கே வைத்திருந்தார். கஸ்தூரியை உட்காரச் சொன்னார். தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வசந்தா, பொண்களை வெளில அழைச்சுண்டு போறதுக்குப் பெத்தவா கிட்ட கையெழுத்து வாங்கினேளே?"

"வாங்கினேன் மேடம்."

"இவா வீட்டை வரையறதுக்கு யார் கிட்ட கேட்டேள்?"

"கேக்கலை."

"ஏன்?"

குளத்தை வரைய யாரிடமும் கேட்கவில்லை, மார்க்கெட்டை வரையவும் கேட்கவில்லை. ஆனால் மாட வீதி வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் எழுத எனக்குத் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் கதவைத் தட்டிக் கேட்டிருப்பேன். இங்கே கேட்கத் தோன்றவில்லை. அந்த உண்மையை அந்த அறையில் நின்றபடி உணர்ந்தேன்.

"கேக்கணும்னு தோணலை மேடம்" என்றேன்.

"இன்னிக்கே எடுத்துடுங்கோ. நீங்க சொன்னா அவா நம்ப வேண்டாம். அவாளையே கூட அழைச்சுண்டு போங்கோ. கண்ணால பாக்கட்டும்."

இருவரும் லஸ்ஸில் பஸ் ஏறி பனகல் பார்க்கில் இறங்கினோம். பாஸ்கரனின் மாடியில் அன்று இணைப்பு கிடைக்க நேரமானது. மோடம் கீச்சென்று கத்தி, விட்டுவிட்டு, மறுபடி கத்தியது. ஒருவழியாகப் பக்கம் திறந்து, வரைபடம் வரிவரியாக இறங்கிற்று. லஸ், மந்தைவெளி, ஆறு, பிறகு அவர்கள் கரை. கஸ்தூரி திரைக்கு அருகில் குனிந்தார். மகளின் கையெழுத்தை விரலால் தொட்டுப் படித்தார்.

"பம்பு இந்தாண்ட இல்ல. கோயிலுக்கு அந்தாண்ட. கால்ல அளந்திருக்கா, மேடு ஏறும்போது காலடி சின்னதாப் பூடும்னு தெரியல கய்தைக்கு."

அது மிகச் சரியான திருத்தம். சரிவில் நடந்து அளந்தால் கணக்கு மாறும் என்பதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன். அத்த வுடுங்க, அய்ச்சிடுங்க."

கடவுச்சொல் போட்டு உள்ளே போனேன். கரையின் படத்தை அழித்தேன், பெயர்களோடு இருந்த பக்கத்தை அழித்தேன். உறுதியா என்று தளம் கேட்டது. ஆமென்றேன். பிறகு பக்கத்தைத் திரும்பத் திறந்து காட்டினேன். மேரி அக்கா, ஆட்டோ சேகர், பூக்காரம்மா, எல்லாரும் அப்படியே இருந்தார்கள்.

கஸ்தூரி எழுந்து நின்றுவிட்டார். "எடுத்துட்டேன்னு சொன்னியே! இன்னும் கீதே!"

மறுபடி போய்ப் பார்த்தால் தளத்தில் கோப்பு இல்லை. திரையில் இருக்கிறது. பாஸ்கரன் தன் மேஜையிலிருந்து வந்தார். "அம்மா, பதறாதீங்க. இந்த மெஷின் ஏற்கனவே பார்த்ததை ஒரு நகல் வச்சுக்கும். அதைத்தான் காட்டுது. இந்தாங்க, பக்கத்து மெஷின்ல பாருங்க" என்று அடுத்த கம்ப்யூட்டரில் முகவரியை அடித்தார். அப்படியொரு பக்கம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

"இன்னா சொல்லுது?"

"இல்லைன்னு சொல்லுது."

"அந்தக் கடைசிப் பொட்டியில பாரு. இதுல பாரு."

பாஸ்கரன் பொறுமைசாலி. ஆறு கம்ப்யூட்டரிலும் திறந்து காட்டினார். முதலாவதில் இருந்த நகலையும் துடைத்தார். ஆறிலும் இல்லை என்று வந்த பிறகுதான் கஸ்தூரி உட்கார்ந்தார்.

அமுதா என் மேல் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "நம்ம வீடு மட்டும் இருக்கக் கூடாதாம்மான்னு கேட்டேன் மிஸ். அடிச்சிட்டாங்க. நீங்களும் எடுத்துட்டீங்க" என்றாள். ஒரே வரைபடம் என்பதால், அதோடு போய்விட்ட மற்ற நான்கு குழுக்களின் இடங்களை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. கரையை என்ன செய்வது என்று நான் யோசிக்கும் முன், அவளே பச்சைப் பென்சிலை எடுத்து, அந்த இடத்தை ஓரம் தாண்டாமல் நிரப்பி, என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு வகுப்பில் கேட்டால் பதில் சொல்வாள். அவளாக எதுவும் பேச மாட்டாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் பலமாக இருந்தது. ஆறு ஏறி, கரையில் கீழ் இரண்டு வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அங்கே இருந்தவர்கள் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் இரண்டு வாரம் தங்கினார்கள்.

பொங்கல் முடிந்த வாரம் கஸ்தூரி மறுபடி வந்தார். இந்த முறை கூட இரண்டு பெண்கள். தலைமை ஆசிரியை அறையில் தானாகவே உட்கார்ந்தார்.

"கரையை எடுக்கப் போறாங்க டீச்சர். நோட்டீசு வந்துடுச்சி. அது எப்படியும் வரும், எங்களுக்குத் தெரியும். வேற எடத்துல வூடு குடுக்கறாங்க, அதுக்கு லிஸ்ட் போட்டுக்கீறாங்க. அதுல கீய் ரெண்டு வரிசையே இல்ல. இருவத்தி மூணு வூடு. கேட்டா, நாங்க எண்ண வந்தப்ப அங்க வூடே இல்லன்றாங்க. தண்ணி ஏறினப்ப வந்து எண்ணிக்கீறாங்க! அப்ப யாரு இருப்பாங்க? இப்ப புதுசா வந்து குந்திக்கினவங்கன்றாங்க." ஒரு மூச்சு விட்டார். "அந்தப் படம் மாதிரி ஒண்ணு வேணும். இந்தத் தபா நாங்க சொல்றோம். நீங்க போடுங்க."

என் பீரோவில் இரண்டு பிளாப்பி இருந்தது. எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுக்கிற என் பழக்கம். அன்று இணையத்திலிருந்து அழித்தேனே தவிர, அவற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. அமுதாவின் உழைப்பு வீணாகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பழைய படமே என்கிட்ட இருக்குங்க" என்றேன். "அன்னிக்கு இணையத்துல இருந்து எடுத்தது உண்மை. ஆனா பிளாப்பியில ஒண்ணு வச்சிருந்தேன். உங்ககிட்ட சொல்லலை. அது தப்பு. அதுல மழைக்கு முன்னாடி தேதி விழுந்திருக்கும். உதவும்னு நினைக்கிறேன். ஆனா நீங்க சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன். வேணாம்னா உங்க எதிரிலேயே உடைச்சுப் போட்டுடறேன்."

ராஜலட்சுமி அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கஸ்தூரி கூட வந்த இருவரிடமும் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பிறகு என்னிடம், "மறுபடி ஒரு தபா இப்டிப் பண்ணாதீங்க. எடுங்க" என்றார்.

முதல் பிளாப்பி படிக்கவில்லை. இரண்டாவது படித்தது. ஏழு வரிசையும் இருந்தன. கோப்பின் ஓரத்தில் செப்டம்பர் தேதி.

அது மட்டும் போதாது என்று ராஜலட்சுமி அம்மாள் சொன்னார். கம்ப்யூட்டர் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அதிகாரி சொன்னால் என்ன செய்வது? இன்று இருக்கும் கரையை முறையாக அளந்து, இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். அமுதாவும் அவள் குழுவில் இருந்த நான்கு பேரும், கரையின் பெண்களும், நானும். பாலத்தின் தூணை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொண்டோம். அது எங்கும் போகாது. நைலான் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. சரிவில் கயிறு தொய்யாமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும், அதைக் கஸ்தூரி பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, பெயர் போடலாமா என்று கேட்ட பிறகே அமுதா எழுதினாள். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்த வீடுகளில் கட்டத்தை மட்டும் போட்டு, பெயரை விட்டுவிட்டாள். ரேஷன் கார்டு தேதியைத் தனித்தாளில் குறித்தோம். மேரி அக்கா வீட்டுச் சுவர் யாருக்குச் சொந்தம் என்று ஒரு சண்டை வந்தது. கஸ்தூரி இரண்டு பக்கமும் கத்தி, "இத்த அப்புறம் வச்சிக்கலாம், மொதல்ல ரெண்டு பேருக்கும் வூடு வரட்டும்" என்று முடித்தார்.

இரண்டாம் ஞாயிறு மதியம் தாளைச் சுருட்டும்போது அமுதா என்னிடம், "மிஸ், சரிவுக்குக் கணக்கு எப்படிப் போடணும்? பஸ்ட்டு தபா எனக்குத் தெரியல" என்று கேட்டாள். நான்கு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி. கரையிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

பட்டியல் போட்ட அரசு அலுவலகத்துக்குப் போகும் நாள் ராஜலட்சுமி அம்மாள் தானும் வருவதாகச் சொன்னார். வர வேண்டிய அவசியம் இல்லை. கஞ்சிப் புடவை கசங்க, வராந்தா பெஞ்சில் கஸ்தூரிக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே அழைத்ததும் எங்கள் தாள்கள் ஒவ்வொன்றிலும், எந்தத் தேதியில் யார் வரைந்தது என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். முரடர் அல்ல, களைத்தவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை வரைஞ்ச சர்வேயர் யாரு?"

"ஒன்பதாங் கிளாஸ் சார்" என்றார் கஸ்தூரி.

அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, பசங்க போட்ட படத்தை வச்சுக்கிட்டு நான் லிஸ்ட்டை மாத்த முடியுமா?"

"மாத்த வேணாம் சார். நீங்களே ஏதாவது ஒரு வூட்ட தொடுங்க. எந்த வூடு வேணா. உங்க ஆளை அனுப்புங்க. படத்துல கீற எடத்துல அந்த வூடு இல்லன்னா, அந்த ஆளு அங்க இல்லன்னா, நாங்க எய்ந்து போயிடறோம். மறுபடி வர மாட்டோம்."

அதிகாரி என்னைப் பார்த்தார், தலைமை ஆசிரியையைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கீழ் வரிசைகளில் ஏழு வீடுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறித்தார்.

மறுநாள் ஓர் ஊழியர் கயிறும் தாளுமாகக் கரைக்கு வந்தார். எனக்கு வகுப்பு இருந்தது. நாலாவது பீரியடில் நதிகளைப் பற்றி நடத்தினேன், என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் கஸ்தூரி பள்ளி வாசலுக்கு வந்தார்.

"ஏயும் சரியா இருந்திச்சி" என்றார். அவ்வளவுதான். அமுதா பையை என் கையில் கொடுத்துவிட்டு, நடுத்தெருவில் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

பட்டியலைத் திருத்தினார்கள். இருபத்து மூன்றில் இருபத்தோரு வீடுகள் சேர்ந்தன. இரண்டு குடும்பங்கள் வாடகைக்கு இருந்தவை, கார்டு வேறு முகவரியில். அவர்களுக்காக மூன்று முறை அலைந்தோம், நடக்கவில்லை. அதை மறைத்து இதை வெற்றிக் கதையாக எழுத எனக்கு மனமில்லை. கரையும் போயிற்று. கோடை விடுமுறையில் லாரிகள் வந்து எல்லாரையும் நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டன. அமுதா இரண்டு பஸ் மாறி வந்து எங்களிடமே பத்தாம் வகுப்பை முடித்தாள்.

அதன் பிறகு ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருஷமும் வகுப்பை எங்காவது அழைத்துப் போனேன். இணைப்பு பள்ளிக்கே வந்தது, திரை பெரிதானது. நார்வே நொடியில் திறந்தது. எந்த வகுப்பிலும் முதல் நாள் ஒரே கேள்வியைக் கேட்பேன்: இந்தப் படத்தில் இருப்பவர்களிடம் யாராவது கேட்டார்களா? சில பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். கேட்பதை நான் விட்டதில்லை. இளம் ஆசிரியைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். கருவி எளிதாகிக்கொண்டே போகும்; அந்தக் கேள்வி ஒருநாளும் எளிதாகாது.

அவர்கள் குடிபோன வருஷம் ஒரு சனிக்கிழமை கஸ்தூரியைப் பார்க்கப் போனேன். மூன்று மாடிக் கட்டடங்கள் வரிசையாக நின்றன. குலுக்கலில் வீடு கொடுத்திருந்ததால், பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் வேறு வேறு கட்டடங்களில் சிதறிப்போயிருந்தார்கள். காப்பி குடித்த பிறகு, வந்த விஷயத்தைச் சொன்னேன். அலுவலகத்துக்கு நகல்தான் கொடுத்திருந்தோம். பிள்ளைகள் வரைந்த மூலத் தாள் கஸ்தூரியிடம் இருந்தது. பள்ளியில் சட்டம் போட்டு மாட்டலாம் என்று எனக்கு ஆசை.

"அத்த எப்டி டீச்சர் குடுக்கறது? அது எங்க படம்" என்றார். கோபமில்லை, தயக்கமுமில்லை. "பாக்கணும்னா குந்துங்க, எடுத்துக்கினு வரேன்."

புடவைக்கடைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, தரையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தார். திறந்த கதவு வழியாக மாடிப்படியில் போன ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் தாளைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். இது யார் வீடு, அவர்கள் இப்போது எந்த பிளாக், அந்தப் பூக்காரம்மா எங்கே, எண்பத்தாறாம் நம்பருக்குப் போனாளா, அவள் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணமாமே, சொல்லவே இல்லையே. ஒருத்தி பேனா கேட்டாள். நான் கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் புதிய பிளாக் எண்ணை எழுத ஆரம்பித்தார்கள்.

நான் போய்வருகிறேன் என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.